சர்வர் அணைந்த பிறகு ஜமா எங்கே போகும்?

கேள்வி, 11 ஏப்ரல் 2024, காலை

அண்ணா, நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ ஆகிய இரண்டு கன்சோல்களுக்கும் ஆன்லைன் சேவை முந்தாநாள் விடியற்காலையோடு நின்றுவிட்டது. பார்த்திருப்பீர்கள். எனக்கு என்னமோ கன்சோலில் சமூகம் என்கிற விஷயமே முடிந்துவிட்டது என்றுதான் படுகிறது. பேசுவதெல்லாம் டிஸ்கார்டு என்கிற அரட்டைச் செயலியில், காட்டுவதெல்லாம் யூடியூபில். கன்சோல் இனி வெறும் ஆட்டம் ஓட்டுகிற பெட்டி. சரிதானே?

11 ஏப்ரல் 2024, மதியம்

பாதிதான் சரி, தம்பி. அதே வீ யூவில் போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

சூப்பர் மாரியோ மேக்கர் 2015-இல் வந்தது. ஆடுபவர்களே லெவல், அதாவது ஆட்டத்தின் ஒரு கட்டம், கட்டி மற்றவர்கள் ஆட ஏற்றிவிடலாம். ஒரு நிபந்தனை உண்டு: கட்டியவர் தானே அதை ஒரு முறை முடித்துக் காட்டினால்தான் ஏற்ற முடியும். அப்படியும் கட்டியவரைத் தவிர வேறு யாரும் முடிக்காத லெவல்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. அவற்றை ஒன்று விடாமல் முடிப்பதற்கென்றே 2017-இல் டீம் ஜீரோ பர்சென்ட் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. புது லெவல் ஏற்றுவது 2021 மார்ச்சோடு நின்றது. லெவல்களின் எண்ணிக்கை இனி கூடப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. சர்வர் அணையும் தேதி அறிவித்த பிறகு அவர்கள் ஆடியதைப் பார்த்திருக்க வேண்டும்!

கடைசியில் மிஞ்சியது 'டிரிம்மிங் த ஹெர்ப்ஸ்' என்ற லெவல். முழுதாக 20 விநாடிகூட ஓடாது. அதற்காக வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். மார்ச்சில் அதைக் கட்டியவரே முன்வந்து, கையால் ஆடி ஏற்றியதல்ல, கருவி வைத்து ஏற்றியது என்று ஒப்புக்கொண்டார். அப்படியென்றால் அது கணக்கிலேயே சேராது. நேர்மையாக ஏற்றிய லெவல்கள் எல்லாம் முடிந்தாயிற்று, வேலை தீர்ந்தது என்று கூட்டமும் அறிவித்துவிட்டது. ஆனாலும் சிலர் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை. ஏப்ரல் 5-ஆம் தேதி ஒருவர் அதையும் கையாலேயே முடித்தார். சர்வர் அணைய மூன்றே நாள் இருந்தது.

யாரோ முகம் தெரியாதவர்கள் கட்டிப் போட்டுவிட்டுப் போனவை அந்த லெவல்கள். "நீ கட்டியதை நாங்கள் ஆடிப் பார்த்தோம்" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். இதைச் சமூகம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

நீ சொன்னதில் சரியான பாதி இது: அவர்கள் ஒருங்கிணைந்தது டிஸ்கார்டில்.

11 ஏப்ரல் 2024, இரவு

மதியம் எழுதியபோது என் கதையைச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். சொல்லாமல் விட்டால் நான் ஏன் இதற்கு இவ்வளவு அலட்டிக்கொள்கிறேன் என்று உனக்குப் புரியாது.

2011-இல் நான் கோயம்புத்தூரில் வேலை பார்த்தேன். வீட்டில் பிஎஸ்3, அதாவது பிளேஸ்டேஷன் 3 கன்சோல். பிராட்பேண்டில் பகல் முழுக்க அளவு பார்த்துத்தான் செலவு செய்ய வேண்டும். ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 வரை அளவே கிடையாது. அதனால் 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஒரு கார் பந்தய ஆட்டத்தில் உட்காருவேன். பெயர் வேண்டாம். நமக்கு 2 மணி என்றால் போலந்தில் ராத்திரி ஒன்பதரை, பத்தரை. டோஹாவில் பதினொன்றரை. டொராண்டோவில் மதியம் மூன்றரை, நாலரை. எங்கள் ஜமாவைச் சேர்த்து வைத்தது அந்த பிராட்பேண்ட் பிளான்தான் என்று இப்போது தோன்றுகிறது. போலந்தில் லாரி மெக்கானிக்காக இருந்த ஒருவர், டோஹாவில் ஷிஃப்ட் முடித்து வரும் ராமநாதபுரத்துக்காரர், டொராண்டோவில் பள்ளிக்கூடம் விட்டு வரும் யாழ்ப்பாணத்துப் பையன், நான். இன்னும் ஏழெட்டுப் பேர் வந்து போவார்கள்.

நாலரை மணிக்கு அம்மா கோலம் போட எழுந்திருப்பார். "இன்னும் தூங்கலையாடா?" என்று கேட்பது ஹெட்செட் மைக்கில் எல்லாருக்கும் கேட்கும். ஒரு மாதத்தில் போலந்துக்காரர் அதை அப்படியே சொல்லக் கற்றுக்கொண்டார். மேட்சுக்கு முன் எல்லாரும் கூடும் லாபிக்குள் நான் நுழைந்ததும் முதல் வார்த்தை அதுதான்: "தூங்கலையாடா!"

இரண்டரை வருஷம் ஓடியது. ஒரு நாள் ஆட்டத்துக்குள் ஒரு அறிவிப்பு வந்தது. இன்ன தேதியோடு ஆன்லைன் நின்றுவிடும், ஆதரவுக்கு நன்றி. அவ்வளவுதான். டிஸ்க் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. தனியாக ஆடினால் ஓடும். டோஹாக்காரரிடம் போன் நம்பர் வாங்கி வைத்திருந்ததால் அவர் இன்றைக்கும் தொடர்பில் இருக்கிறார். டொராண்டோ பையன் முகநூலில் கிடைத்தான், அவனுக்கு இப்போது கல்யாணமே ஆகிவிட்டது. போலந்துக்காரரிடம் எதுவும் வாங்கவில்லை. நாளைக்கும் வரத்தானே போகிறார் என்று இருந்துவிட்டேன். அவர் ஐடி மட்டும் என் நண்பர் பட்டியலில் சாம்பல் நிறத்தில் நிற்கிறது.

14 ஏப்ரல் 2024

புத்தாண்டு வாழ்த்துகள். நேற்று தனிச்செய்தியில் இன்னொருவரிடம், மீவெர்ஸும் இந்த ஏப்ரலில்தான் போனது என்று சொல்லிவிட்டேன். தவறு. மீவெர்ஸ் 2017 நவம்பரிலேயே மூடியாயிற்று. அவரும் இங்கே படிக்கிறார் என்பதால் திருத்திவிடுகிறேன்.

மீவெர்ஸ் தெரியாதவர்களுக்கு: வீ யூவுக்குள்ளேயே இருந்த பேச்சுத் திண்ணை அது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனித் திண்ணை. எழுதலாம், ஸ்டைலஸால் கறுப்பு வெள்ளையில் படம் வரையலாம். ஸ்ப்ளாட்டூன் என்ற ஆட்டத்தை ஆடினால், சதுக்கத்தில் நிற்கும் மற்ற ஆட்டக்காரர்களின் தலைக்கு மேல் அவர்கள் வரைந்த படம் தெரியும். ஒரு கன்சோல் நிறுவனம் தன் பெட்டிக்குள்ளேயே ஊர்ப் பொதுவிடம் கட்டிப் பார்த்தது அதுதான் என்பேன். ஐந்து வருஷத்தில் இடித்துவிட்டார்கள். இணையத்தைச் சேமித்து வைக்கும் ஆர்வலர்கள் மூடுவதற்குள் அள்ளியதால் அந்தப் படங்களில் பெரும்பகுதி பிழைத்தது.

பிஎஸ்4-இல் இருந்த 'கம்யூனிட்டீஸ்' வசதிக்கும் அதே கதிதான். 2021 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள்.

17 ஏப்ரல் 2024

டிஸ்கார்டுதான் எல்லாவற்றையும் கொண்டுபோனது என்று இன்னும் இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். டிஸ்கார்டு வந்ததே 2015-இல். அதற்கு முன்னாலேயே கன்சோல் லாபிகள் ஊமையாகிவிட்டன. தேதி குறித்துச் சொல்ல வேண்டுமானால் நான் 2008 நவம்பர் என்பேன். எக்ஸ்பாக்ஸ் 360-இன் முகப்பை மொத்தமாக மாற்றிப் புதுப்பித்தார்கள், அதோடு பார்ட்டி சாட் வந்தது. எட்டுப் பேர் வரை தனியாகச் சேர்ந்து, எந்த ஆட்டத்தில் இருந்தாலும் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம்.

நல்ல வசதி, யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். அதற்கு முன் லாபிக்குள் வந்தால் அங்கே இருப்பவர்களோடுதான் பேச வேண்டும். எதிரணிக்காரன் சிரிப்பான், திட்டுவான், நன்றாக ஆடினால் "அடுத்த மேட்ச் எங்கள் பக்கம் வா" என்பான். அப்படித்தான் அந்நியன் கூட்டாளி ஆனான். பார்ட்டி சாட் வந்த பிறகு ஏற்கெனவே தெரிந்தவர்கள் தங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். லாபியில் 12 பேர் நிற்பார்கள், ஒருவர் குரலும் கேட்காது.

பிஎஸ்3-இல் அந்த வசதி கடைசிவரை வரவே இல்லை. எங்கள் 2 மணி ஜமா எப்படி உண்டானது என்று அன்றைக்கு பிராட்பேண்ட் பிளானைக் காரணம் சொன்னேன் அல்லவா? இப்போது யோசித்தால் இதுவும் காரணம். போலந்துக்காரருக்கு என்னைத் தவிர பேச வேறு ஆள் இல்லை. எனக்கும் அவரைத் தவிர இல்லை.

17 ஏப்ரல் 2024, சற்று நேரம் கழித்து

"வேறு ஆள் இல்லை" என்பது மிகைதான். ஏழெட்டுப் பேர் வருவார்கள் என்று நானே எழுதியிருக்கிறேன். சொல்ல வந்தது, எல்லாரும் ஒரே அறையில் இருந்தோம் என்பது.

19 ஏப்ரல் 2024

ஹேலோ 2 என்ற சுடும் ஆட்டத்தில், ஆன்லைன் சேவை நின்ற பிறகும் சிலர் வெளியேறாமல் ஆடினார்களாமே என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், உண்மையில் நடந்ததுதான். முதல் எக்ஸ்பாக்ஸுக்கான லைவ் சேவை 2010 ஏப்ரல் 15-ஆம் தேதி நின்றது. ஹேலோ 2-இல் மேட்ச் ஓடுவது ஆடுபவர்களில் ஒருவருடைய கன்சோலில். லைவ் செய்வது ஆள் தேடிச் சேர்த்துவிடும் தரகு வேலை. அதனால் அன்றைக்கு உள்ளே இருந்தவர்கள் வெளியேறாத வரை ஆட்டம் அறுந்துபோகவில்லை. கன்சோலை ராப்பகலாக அணைக்காமல் போட்டு வைத்தார்கள். ஒருவருக்கு இணைப்பு போகும், இன்னொருவருக்குப் பெட்டி உறைந்து நிற்கும். போனால் போனதுதான், திரும்ப வர முடியாது. கடைசிவரை தாக்குப்பிடித்த 14 பேரை நோபிள் 14 என்று சொல்வார்கள். மே இரண்டாவது வாரம் வரை ஓடியது.

இரண்டே ஆள் மிஞ்சிய ஒரு லாபியில் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

3 மே 2024

இரண்டு வாரமாக மனசை அரித்துக்கொண்டிருந்ததை எழுதிவிடுகிறேன். பார்ட்டி சாட்டைப் பற்றி நான் எழுதியதை அக்கா மகளிடம் காட்டினேன். 19 வயது, சுடும் ஆட்டங்களை நன்றாக ஆடுவாள். படித்துவிட்டு, "மாமா, நீங்க ஆம்பளை. உங்களுக்கு லாபி இனிச்சிருக்கும்" என்றாள். அவள் வாயைத் திறந்த மறுவிநாடி என்னென்ன கேட்க வேண்டியிருக்கிறது என்பதை ஒரு மேட்ச் முழுக்க ஹெட்செட்டைக் கொடுத்துக் கேட்க வைத்தாள். நான் பாதியில் கழற்றிவிட்டேன்.

அவளுக்குக் கதவு உள்ள அறை வேண்டும். அது இல்லையென்றால் அவள் ஆடவே வரமாட்டாள். நான் "சாத்திக்கொண்டார்கள்" என்று குறையாக எழுதிய அதே கதவு. 17-ஆம் தேதிக் குறிப்பை அழிக்கப் போவதில்லை, ஆனால் அதன் கீழே இதையும் சேர்த்துப் படியுங்கள்.

4 மே 2024

அவளோடு பேசியதில் இன்னொன்று பிடிபட்டது. பேச்சையே குறைத்து, அந்நியர்களை நல்லவர்களாக ஆக்கிய ஆட்டங்கள் உண்டு.

ஜர்னி, 2012, பிஎஸ்3. பாலைவனத்தில் நடந்துகொண்டே இருக்கும்போது வழியில் இன்னொருவர் வருவார். நிஜமான ஆள், உலகத்தில் எங்கிருந்தோ ஆடுபவர். பெயர் தெரியாது, பேச முடியாது. ஒரு ஓசை எழுப்பலாம், அவ்வளவுதான். ஒட்டி நடந்தால் இருவருக்கும் பறக்கும் சக்தி கூடும். வழியில் உடன் வந்தவர்களின் ஐடிகளை ஆட்டம் முடிந்த பிறகுதான் காட்டும். நான் பனிமலையில் விழுந்து கிடந்தபோது எனக்காக நின்றவரின் பெயர் அப்போதுதான் தெரிந்தது.

டீமன்ஸ் சோல்ஸ், 2009. தரையில் செய்தி எழுதி வைக்கலாம், ஆனால் அவர்கள் கொடுத்திருக்கும் சொற்களை வைத்துத்தான். "முன்னே பொறி இருக்கிறது" என்கிற மாதிரி. நீ எழுதியதை ஒருவர் நல்லது என்று மதிப்பிட்டால், அந்த நிமிஷம் நீ எங்கே சண்டையில் இருந்தாலும் உன் உயிர் நிரம்பும். அடுத்தவருக்கு உதவினால் நீ பிழைப்பாய் என்பதை விதியாகவே எழுதிவிட்டார்கள். 2018 பிப்ரவரியில் பிஎஸ்3 சர்வரை நிறுத்தியபோது தரையெல்லாம் வெறிச்சென்று ஆனது.

இதற்கெல்லாம் பாட்டன் செகாவின் டிரீம்காஸ்ட் கன்சோலில் வந்த ஃபேண்டசி ஸ்டார் ஆன்லைன். ஜப்பானில் 2000 டிசம்பர். போன் லைன் மோடம். தயாராக இருக்கும் சொற்களை எடுத்து வாக்கியம் கோத்தால் எதிரில் இருப்பவருக்கு அது அவர் மொழியில் தெரியும். ஜப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ். ஒசாகாவில் ஒருவர், லியோனில் ஒருவர், இருவரும் சேர்ந்து டிராகனை அடித்தார்கள். டிரீம்காஸ்டை செகா கைவிட்டது அடுத்த மார்ச்சிலேயே. ஆனால் ரசிகர்கள் தாங்களே சர்வர் எழுதி அந்த ஆட்டத்தை இன்னும் ஓட்டுகிறார்கள். நிறுவனத்தின் சர்வரை விட ரசிகர்களின் சர்வருக்கு வயது கூட.

இந்தக் கடைசி வரிதான் நான் இந்த இழை முழுக்கச் சொல்ல முயன்றது. ஜமா பிழைக்குமா என்பது டிஸ்கார்டு வந்ததா போனதா என்பதில் இல்லை. சாவி யார் கையில் என்பதில் இருக்கிறது. நின்டெண்டோவின் பழைய வைஃபை ஆன்லைன் சேவை 2014 மே மாதம் அணைந்தபோது மாரியோ கார்ட் வீ ஆடுபவர்கள் வீம்ஃபி என்று தாங்களே சர்வர் வைத்துக்கொண்டார்கள். முதல் எக்ஸ்பாக்ஸுக்கு இன்சிக்னியா. இந்த மாதம் போன வீ யூ, 3டிஎஸ்ஸுக்கு பிரெடென்டோ. எல்லாமே ரசிகர்களின் வேலை.

5 மே 2024

"இந்த மாதம்" இல்லை, போன மாதம். மே பிறந்ததை மறந்துவிட்டேன்.

6 ஜூலை 2025

ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இழையை மறுபடி எழுப்புவதற்குக் காரணம் இருக்கிறது.

த க்ரூ என்ற கார் ஆட்டம் 2014-இல் வந்தது. தனியாக ஆடினாலும் சர்வர் இல்லாமல் ஓடாது. யுபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ஆம் தேதி அதை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களிடம் டிஸ்க் இருக்கிறது, ஆட்டம் இல்லை. இதைப் பார்த்து ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடிமக்கள் 10 லட்சம் பேர் கையெழுத்துப் போட்டால் ஆணையம் அந்தக் கோரிக்கையை எடுத்துப் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும். இந்த வாரம் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது!

சர்வரை என்றென்றைக்கும் ஓட்டு என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்தும்போது ஆட்டத்தை ஓடும் நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள். நிறுவனங்களின் சங்கம் மறுத்து அறிக்கை விட்டிருக்கிறது: தனியார் சர்வரில் பயனர் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, ஆன்லைனுக்கென்றே கட்டிய ஆட்டத்தை மாற்ற எவ்வளவு செலவு என்று. முதல் கேள்வியை நான் ஒதுக்கமாட்டேன். அக்கா மகள் கொடுத்த ஹெட்செட்டில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பதில் ரசிகர் சர்வரிலும் ஒழுங்கு வைப்பதுதான். கேட்டையே பூட்டிவிட்டுப் போவதல்ல.

நம்மால் அதில் கையெழுத்துப் போட முடியாது, ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு மட்டும்தான். போலந்து ஒன்றியத்தில் இருக்கிறது. அந்த மெக்கானிக் போட்டிருப்பாரா? நேற்று ராத்திரி அதை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

24 ஆகஸ்ட் 2025

கேள்வி கேட்ட தம்பி நின்டெண்டோவின் புது கன்சோல் ஸ்விட்ச் 2 வாங்கியிருக்கிறான். கன்ட்ரோலரில் சி பட்டனை அழுத்தினால் கேம்சாட், 12 பேர் வரை பேசலாம். கன்சோல் மறுபடி பேசத் தொடங்கிவிட்டது, நான் சொன்னது தப்புதான் அண்ணா என்று எழுதியிருக்கிறான். நன்றி தம்பி, ஆனால் அவசரப்படாதே. அதில் நண்பர் பட்டியலில் இருப்பவர்களோடு மட்டும்தான் பேச முடியும். குழந்தைகளுக்கு அது நல்லது. 16 வயதுக்குக் கீழே பெற்றோர் அனுமதி வேண்டும் என்பதும் நல்லது. ஆனால் முதல் நண்பன் எங்கே கிடைப்பான்? அதற்கு அந்தப் பட்டன் உதவாது. வருகிற மார்ச்சுக்குப் பிறகு சந்தாவும் கட்ட வேண்டும்.

20 செப்டம்பர் 2025

முதல் நண்பன் எங்கே கிடைப்பான் என்று கேட்டுவிட்டு நானே தேடிப் போனேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை ஆட்டத்தின் பேட்டில் ஹப்.

நூறு பேர் வரை ஒரே கூடத்தில் சுற்றலாம். வரிசையாக ஆர்கேட் எந்திரங்கள். ஒரு பக்கம் நீ போய் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் யாராவது வந்து உட்காருவார். பின்னால் நின்று வேடிக்கை பார்க்கலாம். பார்த்த உடனே எனக்குக் கல்லூரிக் காலத்து கேம் சென்டர் ஞாபகம் வந்தது. தோற்றவன் எழுந்திரிக்கணும், ஜெயித்தவன் உட்காரலாம், அடுத்தவன் சுவரில் சாய்ந்து நிற்பான். நின்று வேடிக்கை பார்க்க ஒரு இடம் இருந்ததால்தான் அங்கே சிநேகம் பிடித்தது. மேட்ச் தேடித் தருகிற பட்டனில் அந்தச் சுவர் கிடையாது.

அப்புறம் ரோல்பேக். எதிராளியின் பட்டன் வந்து சேரும் வரை காத்திருக்காமல், என்ன அழுத்துவார் என்று யூகித்து எந்திரம் ஆட்டத்தை நகர்த்தும். யூகம் தப்பினால் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் பின்னால் போய்த் திருத்தும். சண்டை ஆட்டங்களுக்கு இதை 2006-இல் ஜிஜிபிஓ என்று எழுதிக் கொடுத்தவர் டோனி கேனன், ஈவோ என்ற சண்டை ஆட்டப் போட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதாவது அதே ஜமாவின் ஆள். 2019-இல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். நான் இங்கிருந்தும் ராமநாதபுரத்துக்காரர் டோஹாவிலிருந்தும் இன்றைக்குத் தடங்கலில்லாமல் குத்திக்கொள்கிறோம் என்றால் அந்த யோசனையால்தான்.

16 நவம்பர் 2025

கால் ஆஃப் டூட்டி பிளாக் ஆப்ஸ் 7 வந்துவிட்டது. சுடுகிற ஆட்டம் எனக்கு ஆகாது, ஆனால் ஒரு சமாசாரத்துக்காக அக்கா மகளிடம் வாங்கி ஆடினேன். சில வருஷங்களாக இந்த வரிசையில் ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் லாபியைக் கலைத்து ஆளாளுக்கு ஒரு பக்கம் அனுப்பிவிடுவார்கள். ஆடுபவர்கள் விடாமல் கேட்டுக் கேட்டு, இந்த முறை கலையாத லாபி திரும்பி வந்திருக்கிறது.

மூன்று மேட்ச் ஒரே முகங்களோடு ஆடினேன். முதலிரண்டில் யாரும் பேசவில்லை. மூன்றாவது முடிந்ததும் ஒரு குரல், பிரேசில்காரர் என்று நினைக்கிறேன், என் ஐடியைப் படித்து "எப்படி உச்சரிக்கணும்?" என்று கேட்டது. சொல்லிக் கொடுத்தேன். நாலு தடவை தப்பாகச் சொல்லி ஐந்தாவதில் சரியாகச் சொன்னார். பக்கத்தில் இருந்த அக்கா மகள் ஹெட்செட்டைக் கேட்டு வாங்கினாள். பத்து நிமிஷம் பேசினாள். ஒருவன் மட்டும் அசிங்கமாக ஆரம்பித்தான், அந்த பிரேசில்காரரே அவனை அதட்டி நிறுத்தினார்.

இந்த முறை மறக்காமல் நண்பர் கோரிக்கை அனுப்பிவிட்டேன். ஆட்டத்துக்கு வெளியிலும் ஒரு தொடர்பு வாங்கிக்கொண்டேன்.

22 நவம்பர் 2025

இன்று சனிக்கிழமை. இரவு 10 மணிக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் தனி அறை போடுகிறேன், 16 பேர் வரை வரலாம். கடவுச்சொல் வைக்கவில்லை, யாரும் நுழையலாம். தப்பாகப் பேசுபவரை வெளியேற்றும் பொறுப்பை அக்கா மகள் எடுத்துக்கொண்டாள். பார்ட்டி சாட் போட வேண்டாம், அறைக் குரலிலேயே பேசுவோம். டோஹாக்காரருக்கு ஷிஃப்ட் முடிய 11 ஆகிவிடும், அவருக்கு ஒரு இடம் விட்டு வையுங்கள்.